பாரம் தூக்கும் சொற்கள்



சொல்லாராய்ச்சிக்கும் அகராதிக் கலைக்கும் என்று வைக்கப்பட்டிருக்கும் அறக்கட்டளையின் சொற்பொழிவு இது. அதனால் பெரிய கோட்பாடு எதையும் நான் இன்று எடுத்துக்கொள்ளவில்லை. ஒரே ஒரு வேலையை எடுத்துக்கொள்கிறேன். கீழே கிடப்பதை மேலே கொண்டுபோகும் வேலை. அதற்கு ஆங்கிலத்தில் 'லிஃப்ட்', 'ரெய்ஸ்', 'ஹாய்ஸ்ட்', 'ஹீவ்', 'எலிவேட்' என்று பல சொற்கள் உண்டு. நம் ஆங்கில–தமிழ் அகராதிகளைப் புரட்டினால் இவற்றுக்கு எதிரே பெரும்பாலும் 'தூக்கு, உயர்த்து' என்ற இரண்டு சொற்களே மாறி மாறி நிற்கும். வகுப்பில் இவற்றை ஒருபொருட் பன்மொழி என்கிறோம். பிள்ளைகளும் அப்படியே எழுதி மதிப்பெண் வாங்கிவிடுகிறார்கள். ஆனால் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவர் வகுப்பில் கேள்வி கேட்கக் கையை 'ஹாய்ஸ்ட்' செய்ததாகச் சொல்ல மாட்டார். தேநீர்க் கோப்பையை 'ஹீவ்' செய்ததாகவும் சொல்ல மாட்டார். பொருள் ஒன்றே என்றால் இந்தத் தடை எங்கிருந்து வந்தது?

என் முடிவை முதலிலேயே வைத்துவிடுகிறேன். தூக்கியவர் யார், எதைக் கொண்டு தூக்கினார், தூக்கப்பட்டது தரையை விட்டுக் கிளம்பியதா, இல்லை, அடி தரையில் ஊன்றியபடி தலை மட்டும் மேலே போனதா? இந்தச் சேதிகளை இச்சொற்கள் தம்மோடு வைத்திருக்கின்றன. வேலையைப் பார்க்காமல் இவற்றுக்குப் பொருள் எழுத முடியாது.

ஒரு வேலையைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றியின் போர்க்கப்பல் 'மேரி ரோஸ்' 1545 ஜூலை 19 அன்று, பிரெஞ்சுக் கப்பற்படை எதிரே நின்ற நேரத்தில், போர்ட்ஸ்மத்துக்கு அருகே சோலண்ட் நீரிணையில் மூழ்கியது. சேற்றில் ஒருக்களித்துச் சாய்ந்து கிடந்தது. சேற்றுக்கு வெளியே இருந்த பாதி அரித்துப் போக, உள்ளே புதைந்த பாதி தப்பியது. அந்தப் பாதியை 1982 அக்டோபர் 11 அன்று வெளியே கொண்டுவந்தார்கள். எப்படி என்பதுதான் நமக்கு முக்கியம். கப்பலுக்கு மேல் நான்கு கால்களுள்ள ஓர் இரும்புச் சட்டத்தை நிறுத்தி, மரப்பலகைகளில் துளையிட்டு ஆணி முடுக்கி, கம்பிவடங்களால் சட்டத்தோடு பிணைத்தார்கள். நேராக இழுத்தால் சேறு உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். நானூறு ஆண்டு ஊறிய மரம் கிழிந்துவிடும். ஆகவே 12 நீரழுத்த ஜாக்கிகளை வைத்து, சில நாட்களாகக் கொஞ்சம் கொஞ்சமாக, சில சென்டிமீட்டர் மட்டுமே மேலே எடுத்தார்கள். சேற்றின் பிடி விட்ட பிறகுதான் மிதவைக் கிரேனின் கொக்கியில் சட்டத்தை மாட்டினார்கள். கப்பலைத் தண்ணீருக்குள்ளேயே நகர்த்தி, அதன் வடிவத்துக்கென்று செய்துவைத்த தொட்டிலில் இறக்கினார்கள். கடைசியில் சட்டம், கப்பல், தொட்டில் மூன்றையும் சேர்த்து நீர்மட்டத்துக்கு மேலே கொண்டுவந்தார்கள். அந்த நேரத்தில் சட்டத்தின் ஒரு மூலை திடுமென்று சரிந்தது. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் பதறிப்போனார்கள். கப்பலுக்கு ஒன்றும் ஆகவில்லை.

இதை எழுதிய ஆங்கிலேயர்கள் முதல் கட்டத்துக்கு 'ஜாக்' என்ற சொல்லைப் போட்டார்கள். சட்டத்துக்கும் தொட்டிலுக்கும் 'லிஃப்ட்' என்ற சொல்லை அடையாக வைத்தார்கள். நடந்தது முழுவதற்கும் பெயர் வைக்கும்போது மட்டும் மேரி ரோஸின் 'ரெய்சிங்' என்றார்கள். 'லிஃப்ட்' என்பது பிடிப்பை விட்டுப் பொருள் பிரியும் கணத்தைப் பார்க்கும் சொல். 'ரெய்ஸ்' என்பது கிடந்தது எழுந்து நிற்கும் முடிவைப் பார்க்கும் சொல். பொறியாளருக்கு முதற்சொல் தேவைப்பட்டது. வரலாற்றை எழுதுபவருக்கு இரண்டாவது சொல்.

'ரெய்ஸ்' என்பதிலிருந்தே தொடங்குகிறேன். நம் மாணவர்களுக்கு 'ரைஸ்', 'ரெய்ஸ்' இரண்டும் ஓயாமல் குழம்பும். சூரியன் செய்வது 'ரைஸ்'. கடன் வாங்கிப் பணம் திரட்டுபவர் செய்வது 'ரெய்ஸ்'. இதை மனப்பாடம் செய்யச் சொல்வதைவிட, 'எழு', 'எழுப்பு' என்று சொல்லிவிடலாம். ஒன்று தன்வினை, மற்றது பிறவினை. நம் மொழியில் உயர்–உயர்த்து, ஏறு–ஏற்று, கிளம்பு–கிளப்பு என்று இந்த இணை இன்றும் உயிரோடு இருக்கிறது. ஆங்கிலத்தில் அந்த இயந்திரம் எப்போதோ நின்றுபோய், அது செய்து போட்ட சில இணைகள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. 'சிட்', 'செட்' அப்படி ஓர் இணை. 'ஃபால்', 'ஃபெல்' இன்னொன்று. இன்னும் ஒரு செய்தி சுவையானது. 'ரைஸ்' என்பதற்குப் பழைய ஆங்கிலத்திலேயே சொந்தப் பிறவினை ஒன்று இருந்தது. அதுதான் இன்று பிள்ளை வளர்ப்புக்கும் மாடு வளர்ப்புக்கும் வழங்கும் 'ரியர்'. 'ரெய்ஸ்' என்பது அதே சொல்லின் வடநாட்டு வடிவம். ஒன்பது, பத்தாம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறிய ஸ்கேண்டிநேவியர்கள் கொண்டுவந்தது. ஒன்றில் ரகரமாகத் திரிந்த ஒலி மற்றதில் சகரமாகவே நின்றது. ஒரு தாய் வயிற்று இரட்டையர் இரு நாட்டில் வளர்ந்து ஒரே வீட்டில் வந்து சேர்ந்தார்கள். பிள்ளை வளர்ப்பைக் குறிக்க எதைப் போடுவது என்று ஆங்கில ஆசிரியர்கள் நெடுங்காலம் வழக்காடியதற்கு இதுதான் வேர்.

அடி ஊன்றியிருக்கத் தலை மேலே போவது என்றேனே, அதற்குச் சரியான சாட்சி அமெரிக்காவின் ஆமிஷ் மக்கள் களஞ்சியக் கொட்டகை கட்டும் முறை. கொட்டகையின் ஒரு பக்கத்து மரச்சட்டம் முழுவதையும் தரையில் படுக்கவைத்தே பூட்டுவார்கள். பிறகு ஊரே கூடி, நுனியில் இரும்பு முள் வைத்த நீண்ட கழிகளால் தள்ளி அதை நிமிர்த்தி நிறுத்துவார்கள். அந்த நாளுக்கே 'பார்ன் ரெய்சிங்' என்று பெயர். அங்கே யாரும் 'லிஃப்ட்' என்று சொல்வதில்லை, ஏனென்றால் சட்டத்தின் கால் தரையை விடுவதில்லை. நம் ஊரில் பந்தக்கால் நடுகிறோம், கம்பத்தை நிறுத்துகிறோம். தூக்குகிறோம் என்று சொல்வதில்லை. அதே நுட்பம்.

'லிஃப்ட்' காற்றிலிருந்து வந்த சொல். பழைய நார்ஸ் மொழியில் 'லொப்த்' என்றால் காற்று, வானம். ஒன்றைக் காற்றில் ஏற்றுவது 'லிப்தா'. ஜெர்மனியர் இன்றும் காற்றை 'லுஃப்ட்' என்கிறார்கள். பரணுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'லாஃப்ட்' இதன் உடன்பிறப்பு. ஸ்காட்லாந்தின் பழைய வழக்கில் 'லிஃப்ட்' என்றாலே ஆகாயம். ஆக, ஒன்றை 'லிஃப்ட்' செய்வது என்றால், அதற்கும் தரைக்கும் நடுவே காற்றை நுழைய விடுவது. இந்த ஒரு குறிப்பைப் பிடித்துக்கொண்டால் பின்னால் வந்த பொருள்கள் எல்லாம் தாமே விளங்கும். தடையை 'லிஃப்ட்' செய்வது அழுத்திக்கொண்டிருந்ததை அகற்றுவது. ஸ்காட்லாந்து எல்லையில் கொள்ளையர்கள் மாடுகளை 'லிஃப்ட்' செய்தார்கள். லண்டன் கடைகளில் கைவரிசை காட்டியவர்களின் தொழிலை எழுத்தாளர் ராபர்ட் கிரீன் 1590களின் தொடக்கத்திலேயே இந்தச் சொல்லால் விவரித்துவிட்டார். நம்மவரும் சைக்கிளை யாரோ தூக்கிக்கொண்டு போய்விட்டான் என்கிறார்கள். அங்கே தூக்கியது முக்கியமில்லை, இருந்த இடம் காலியானதுதான் முக்கியம். 1948 ஜூனில் சோவியத் படைகள் மேற்கு பெர்லினுக்குத் தரைவழியை அடைத்தபோது, அமெரிக்கரும் பிரிட்டிஷாரும் நிலக்கரியும் மாவும் விமானத்தில் கொண்டுபோய் இறக்கினார்கள். அது 'ஏர்லிஃப்ட்'. 1949 மே 12 அன்று முற்றுகை விலகியது; அதற்கும் ஆங்கிலத்தில் 'லிஃப்ட்' என்றே சொன்னார்கள். ஒரே நிகழ்ச்சியில் ஏற்றியதும் அகற்றியதும் ஒரே சொல்.

கடலுக்குப் போவோம். 'ஹாய்ஸ்ட்' கப்பல்காரர்களின் சொல். டச்சு, வட ஜெர்மானியக் கரைகளிலிருந்து பாய்மரங்களோடு வந்தது. முதலில் 'ஹாய்ஸ்' என்றே இருந்தது. இறந்தகால ஒட்டு சொல்லோடு ஒட்டிக்கொண்டு இன்றைய வடிவம் ஆயிற்று. கயிறும் கப்பியும் இல்லாத இடத்தில் இந்தச் சொல் எளிதில் பொருந்தாது. கொடியில் கம்பத்தை ஒட்டிய பக்கத்துக்கே 'ஹாய்ஸ்ட்' என்று பெயர். ஷேக்ஸ்பியரின் 'ஹாம்லெட்' நாடகத்தால் புகழ்பெற்ற தொடர் ஒன்றில், தான் வைத்த வெடியாலேயே ஒருவன் வானில் தூக்கியெறியப்படுகிறான். அந்த வெடிக்குப் 'பெட்டார்ட்' என்று பெயர், கோட்டைக் கதவை உடைக்க வைப்பது. கயிற்றில் தொங்குவதாகப் பலர் அதைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். அங்கே 'ஹாய்ஸ்ட்' என்பது அந்தப் பழைய 'ஹாய்ஸ்' வினையின் எச்சம்.

'ஹீவ்' உடம்பின் சொல். கயிறு இருக்கலாம், இல்லாமலும் போகலாம். மூச்சை இழுத்துப் பிடித்து, இடுப்பைக் கொடுத்து, ஒரே உந்தில் கிளப்ப வேண்டும். பாரமானது என்று பொருள்படும் 'ஹெவி' இதே வேரில் முளைத்தது. எதைக் கிளப்ப உடம்பு முழுதும் வேண்டியிருக்கிறதோ அது 'ஹெவி'. ஆகவேதான் மார்பு விம்முவதற்கும் குமட்டி ஓங்கரிப்பதற்கும்கூட இதே சொல். நங்கூரக் கயிற்றை இழுக்கும் மாலுமிகளின் கூவலில் இது தாளமாக நின்றது. வலை இழுக்கும் நம் கரையோர மக்கள் 'ஐலசா' என்று சேர்ந்து மூச்சு விடுவதும் அந்த ஒரே உந்துக்காகத்தான்.

அதே நங்கூரத்தில் இன்னொரு புதையல் இருக்கிறது. நங்கூரத்தை எடுப்பதற்கு ஆங்கிலத்தில் 'வெய்' என்கிறார்கள். இன்று எடை போடுவதற்கு வழங்கும் அதே சொல். நங்கூரத்தை யாரும் நிறுத்துப் பார்ப்பதில்லை. அந்த வினைக்குப் பழைய பொருள் சுமப்பது, தூக்குவது. தூக்கிப் பார்த்தால்தானே கனம் தெரியும். அப்படித்தான் எடைப் பொருள் வந்து ஒட்டியது. பழைய பொருள் எல்லா இடத்திலும் மறைந்து, நங்கூரத்தில் மட்டும் தங்கிவிட்டது. நம் 'எடை'யும் 'எடு' என்பதிலிருந்தே பிறந்தது. சீர்தூக்குதல் என்று நாம் சொல்வதிலும் தூக்கிப் பார்க்கும் கைதான் இருக்கிறது. தொடர்பில்லாத இரு மொழிகள் ஒரே வழியில் நடந்திருக்கின்றன என்றால், அதற்குக் காரணம் மனிதக் கை எங்கும் ஒன்றாக இருப்பதுதான்.

இதுவரை சொன்னவை கையாலும் தோளாலும் உழைத்தவர்களின் சொற்கள். 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சு வழியாகவும், பின்னர் நேரடியாக லத்தீனிலிருந்தும் வேறொரு குடும்பம் வந்தது. லத்தீனில் 'லெவிஸ்' என்றால் கனமற்றது. 'லெவாரே' என்றால் கனத்தைக் குறைப்பது, அதனால் உயர்த்துவது. நெம்புகோலுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'லீவர்' அங்கிருந்து வந்தது. பாரத்தைக் கனமற்றதாக்கும் கோல் என்று பெயரிலேயே அதன் வேலை அடங்கியிருக்கிறது. மாவைப் பொங்கவைக்கும் புளிப்புமாவு 'லெவன்'. சூரியன் எழும் கிழக்குக் கரை 'லெவான்ட்'. அரசன் எழுப்பும் வரியும் படையும் 'லெவி'. வெள்ள நிவாரணம் 'ரிலீஃப்'. சுவரிலிருந்து புடைத்து நிற்கும் சிற்பமும் 'ரிலீஃப்'தான். ஒன்றில் பாரம் குறைகிறது, மற்றதில் உருவம் எழுகிறது.

இந்தக் குடும்பத்தில் 'எலிவேட்' அவைக்கும் ஏட்டுக்கும் உரியது. உயர் நீதிமன்ற நீதிபதி உச்ச நீதிமன்றத்துக்குப் போனால் நம் ஆங்கில நாளிதழ்கள் இதைத்தான் எழுதுகின்றன. 'லிஃப்ட்' என்று எழுதினால் வாசகர் சிரிப்பார். கணுக்கால் சுளுக்கினால் மருத்துவர் காலை 'எலிவேட்' செய்யச் சொல்கிறார். காலைத் தூக்கிக் காட்டு என்று அதற்குப் பொருளில்லை. தலையணை வைத்து, இதய மட்டத்துக்கு மேலே, அப்படியே வைத்திருக்க வேண்டும். உயர்ந்த மட்டத்தில் நிலைபெறுவதைச் சொல்வது இது. இதைத் தெரியாமல் மருத்துவக் குறிப்பை மொழிபெயர்த்தால் நோயாளிதான் கஷ்டப்படுவார்.

இதே சொல் ஒரு பொறிக்கும் பெயராயிற்று. அமெரிக்கரான எலிஷா ஓட்டிஸ் 1854இல் நியூயார்க்கின் கிரிஸ்டல் பேலஸ் கண்காட்சியில் ஒரு மேடையில் ஏறி நின்று, அதைத் தாங்கிய கயிற்றை வெட்டச் சொன்னார். அவர் அமைத்த காப்புப்பல் பிடித்துக்கொண்டது, மேடை விழவில்லை. 1857இல் பிராட்வேயில் ஒரு கடைக் கட்டடத்தில் அவருடைய முதல் ஆளேற்றிப் பொறி ஓடியது. அமெரிக்கர் அதற்கு லத்தீன் சொல்லைக் கொடுத்து 'எலிவேட்டர்' என்றார்கள். பிரிட்டிஷார் 'லிஃப்ட்' என்று நிறுத்திக்கொண்டார்கள். நமக்கு வந்தது அவர்களுடைய சொல். சாலையில் கைகாட்டி வண்டியில் ஏறிக்கொள்வதற்கும் நாம் அதையே வைத்துக்கொண்டோம்.

பொறிகளின் பெயர்களில்தான் மனிதர்கள் மறைந்திருக்கிறார்கள். 'கிரேன்' கழுத்து நீண்ட கொக்கின் பெயர்; கிரேக்கரே பறவைக்கும் பொறிக்கும் ஒரே பெயர் வைத்துவிட்டார்கள். 'டெரிக்' ஓர் ஆளின் பெயர். 1600ஐ ஒட்டி லண்டனில் டைபர்ன் என்ற கொலைக்களத்தில் தூக்கிலிடுபவராக இருந்தவர். முதலில் தூக்குமரத்துக்கு அவர் பெயர் வழங்கியது. பிறகு துறைமுகத்தில் சரக்கேற்றும் மரத்துக்குப் போனது. இன்று எண்ணெய்க் கிணற்றின் மேல் நிற்கும் கோபுரமும் அதுதான். 'ஜாக்' ஜான் என்பதன் செல்லப்பெயர். வீட்டில் எடுபிடி வேலை செய்யும் பையன் யாராக இருந்தாலும் 'ஜாக்'. அவன் செய்த வேலையைச் செய்ய ஒரு கருவி வந்தபோது, காலணி கழற்றும் கட்டையானாலும் இறைச்சிக் கம்பியைச் சுழற்றும் பொறியானாலும், கருவிக்கு அவன் பெயரே நின்றது. பாரம் கிளப்பும் கருவிக்கும் அப்படியே. பெயர் தெரியாத அந்தப் பையன்களை நினைக்காமல் இந்தச் சொல்லை என்னால் கடக்க முடியவில்லை. நம் பட்டறைகளில் அது 'ஜாக்கி' ஆகிவிட்டது. சென்னையில் சாலை உயர்ந்து மழைநீர் உள்ளே புகும் வீடுகளின் சுவர்களுக்கு அடியில் வரிசையாக ஜாக்கி வைத்து, எல்லாவற்றையும் ஒரே சீராகத் திருகி, வீட்டையே சில அடி மேலே எடுக்கிறார்கள்.

கடைசியாக நம் மண்ணைத் தொட்ட ஒரு சொல். 1886இல் வெளிவந்த 'ஹாப்சன்–ஜாப்சன்' அகராதியில் 'பிகோட்டா' என்றொரு பதிவு இருக்கிறது. தொகுத்தவர்கள் ஹென்றி யூலும் ஏ. சி. பர்னெலும். பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர், அரண்மனை நூலகத்துச் சுவடிகளுக்கு அட்டவணை செய்தவர். 'பிகோட்டா' என்றால் என்ன? நம் கிணற்று ஏற்றம். கப்பலில் நீர் இறைக்கும் பம்பின் உறுப்பு ஒன்றுக்குப் போர்ச்சுகீசியர் வைத்திருந்த பெயர் அது. நம் வயலில் மரம் ஏறி இறங்குவதைக் கண்டதும் அந்தப் பெயரை இதற்குச் சூட்டினார்கள். ஆங்கிலேயர் அதை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். துலா மரத்தின் மேல் முன்னும் பின்னும் நடந்தவருக்கும், சால் என்னும் நீர்க்கலத்தைப் பிடித்துக் கவிழ்த்தவருக்கும், அந்தப் பொறி என்றும் ஏற்றம்தான். எழுதிவைத்தவர் சொல் அகராதிக்குப் போனது. உழைத்தவர் சொல் வயலில் நின்றது.

நம்மிடம் சொல் குறைவு இல்லை. கிணற்றிலிருந்து கயிற்றால் எடுப்பது சேந்துதல். வயலுக்கு ஏற்றி விடுவது இறைத்தல். உள்ளங்கையில் தாங்கி உயர்த்துவது ஏந்துதல். தேர்ச்சக்கரத்துக்குப் பின்னே தடி கொடுத்துக் கிளப்புவது நெம்புதல். சாய்ந்ததைச் சரிசெய்வது நிமிர்த்துதல். புல்லுக்கட்டை இன்னொருவர் தலையில் ஏற்ற உதவுவது தூக்கிவிடுதல். இவற்றையெல்லாம் வைத்துக்கொண்டு ஐந்து ஆங்கிலச் சொற்களுக்கு எதிரே 'தூக்கு, உயர்த்து' என்று எழுதி முடிப்பது இரண்டு மொழிக்கும் செய்யும் அநீதி. அகராதியில் சொல்லுக்குச் சொல் மட்டும் போதாது. யார், எதை, எதைக் கொண்டு என்பதையும் ஒரு வரியில் சேர்க்க வேண்டும்.

ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் முதல் பகுதி 1884இல் வந்தது, வேலை முடிந்தது 1928இல். சாதாரண வாசகர்கள் ஆயிரக்கணக்கில் எழுதி அனுப்பிய சீட்டுகளே அதற்கு அடித்தளம். அதை நாமும் செய்யலாம். இங்கே இருக்கும் முதுகலை மாணவர்களை நான் கேட்டுக்கொள்வது இதுதான். இந்த விடுமுறையில் ஊருக்குப் போகும்போது மண்டியில் மூட்டை ஏற்றுபவர்களிடமும், படகுத்துறையில் இருப்பவர்களிடமும், கொத்தனாரிடமும், தேர் கட்டும் ஆசாரியிடமும் உட்கார்ந்து, தூக்கும் வேலைக்கு அவர்கள் சொல்லும் சொற்களைக் கேளுங்கள். சொல், ஊர், தொழில், என்ன பாரம், என்ன கருவி, இவை ஐந்தையும் ஒரு சீட்டில் எழுதிக் கொண்டுவாருங்கள். துறைத்தலைவர் அவர்கள் அதற்கு ஒரு பெட்டி வைத்துத் தர வேண்டும் என்று இந்த மேடையிலேயே வேண்டிக்கொள்கிறேன்.